சென்னை டு கோவை வீடு மாற்றம்: முழு பேக்கர்ஸா, ஷேரிங் வண்டியா, ரிட்டர்ன் லாரியா?

மூணாம்மாடி

வணக்கம். வேளச்சேரியிலிருந்து கோவை சரவணம்பட்டிக்கு வீடு மாறுகிறோம். ஆகஸ்ட் முதல் வாரம் புது ஆபீசில் சேரணும். இங்கே மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே அபார்ட்மென்டில் ஐந்தாவது மாடி, லிஃப்ட் உண்டு.

சாமான்: டபுள் டோர் ஃப்ரிட்ஜ், ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின், 55 இன்ச் டிவி, ஸ்ப்ளிட் ஏசி, இன்வெர்ட்டர், பேட்டரி, இரும்பு பீரோ இரண்டு, தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில், இன்னொரு பெட் காட், சோஃபா, டைனிங் டேபிள், டில்டிங் கிரைண்டர், கொலு பொம்மை இரண்டு ட்ரங்க் பெட்டி, கணக்கில்லாத புத்தகம், ஒரு புல்லட்.

மூன்று விலை கையில் இருக்கு.

முழு பேக்கர்ஸ், தனி வண்டி: 34,000. ஜிஎஸ்டி தனி, இன்சூரன்ஸ் 3 சதவீதம் தனி.

இன்னொரு பேக்கர்ஸ், ஷேரிங் வண்டி: 21,000. "ஆல் இன்க்ளூசிவ் சார்" என்றார். நாலஞ்சு நாளில் வந்துவிடுமாம்.

தெரிந்தவர் மூலமாக 14 அடி லாரி: 15,500. வண்டி வாடகை மட்டும். பேக்கிங், ஏற்றி இறக்க ஆள் எல்லாம் நம்ம பாடு.

எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கவில்லை, அது டீமுக்கு டீம் மாறும். எந்த வகை எங்களுக்குப் பொருந்தும்? வீட்டில் ஆளுக்கொரு கட்சி. நான் லாரிப் பக்கம், மனைவி 34,000 பக்கம், அம்மா "ஆடியில் போகவே கூடாது" பக்கம்.

சேலம்_ஜங்ஷன்

லாரிதான். பெட்ஷீட்டைச் சுற்றி ஏத்தி விடுங்க, ஒண்ணும் ஆகாது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் போனோம்.

பபிள்ராப்

அந்தக் காலத்தில் 55 இன்ச் டிவி இல்லை சேலம் அண்ணா. 😀

மூணாம்மாடி சார், நான் இந்தத் தொழிலில் சூப்பர்வைசராக இருக்கேன். கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், ஆள் பிடிக்கவும் வரல. ஷேரிங் வண்டி என்றால் உள்ளே என்ன நடக்கும் என்று யாரும் கஸ்டமருக்குச் சொல்வதில்லை, அதை மட்டும் சொல்றேன்.

உங்க வீட்டு வாசலில் ஒரு குட்டி யானையோ பிக்கப்போ வந்து ஏற்றும். அது நேரா கோவை போகாது. மாதவரம், செங்குன்றம் பக்கம் எங்கேயோ இருக்கும் குடோனுக்குப் போய் இறக்கும். பெரிய வண்டி நிறையும் வரை உங்க சாமான் தரையில் கிடக்கும். நிறைந்ததும் இன்னும் மூன்று நாலு வீட்டுச் சாமானோடு சேர்த்து ஏற்றுவாங்க. கோவையில் மறுபடி குடோன், மறுபடி சின்ன வண்டி, அப்புறம்தான் உங்க வீடு. தனி வண்டியில் ஏற்றுவது ஒரு தடவை, இறக்குவது ஒரு தடவை. ஷேரிங்கில் ரெண்டும் மும்மூணு தடவை. சாமான் ரோட்டில் உடைவது குறைவு சார், கை மாறும்போதுதான் உடையும். நடுவில் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு அது யார் வீட்டுச் சாமான், எந்தப் பெட்டியில் என்ன இருக்கு என்றே தெரியாது.

அந்த "நாலஞ்சு நாள்" இருக்கே, வண்டி நிறைந்தால்தான் அதுவும். வண்டி நிறையாவிட்டால் பத்து நாளும் ஆகும். சாமான் வரும் வரை நீங்க கோவையில் பாயில் படுக்கணும்.

ஷேரிங் மோசம்னு சொல்லல. பத்துப் பதினைந்து அட்டைப் பெட்டி, ஒரு சைக்கிள், துணிமணி மட்டும் வைத்திருக்கும் பேச்சலருக்கு அதை விடச் சிக்கனம் கிடையாது. தேக்குக் கட்டிலும் கொலு பொம்மையும் இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது.

அப்புறம் அந்த "ஆல் இன்க்ளூசிவ்". எழுத்தில் வாங்கினீங்களா? மூன்றாவது மாடியிலிருந்து படியில் இறக்குவது, கட்டிலைக் கழற்றி மாட்ட கார்பென்டர், ஏசி கழற்றுவது, அங்கே கேட்டிலிருந்து லிஃப்ட் வரை தூக்குவது, வண்டி காத்திருந்தால் ஹால்டிங் இதெல்லாம் அதில் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க. வாயால் சொன்ன இன்க்ளூசிவ் இறக்கும் இடத்தில் எக்ஸ்க்ளூசிவ் ஆகிவிடும்.

மூணாம்மாடி

ஷேரிங் பற்றி இவ்வளவு விவரம் தெரியாது, நன்றி. எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. 34,000 சொன்னவர் மட்டும் வீடியோ காலில் வீட்டைப் பார்த்தார்.

பபிள்ராப்

பரணைக் காட்டினீங்களா?

மூணாம்மாடி

இல்லை...

பபிள்ராப்

அதான். எல்லா வீட்டிலும் இதே கதை. ஹாலையும் பெட்ரூமையும் காட்டிவிட்டுப் பரணையும் பால்கனியையும் விட்டுவிடுவாங்க. ஏற்றும் அன்று பரணிலிருந்து அண்டா, குத்துவிளக்கு, பழைய டிவி ஸ்டாண்ட், பாட்டியோட பித்தளைத் தவலை என்று இறங்கிக்கொண்டே இருக்கும். "லிஸ்டில் இல்லை சார்" என்று எங்க ஆள் ஆரம்பிப்பான். அது ஏமாற்று இல்லை, லிஸ்டில் நிஜமாவே இல்லை. இன்னொரு கால் போட்டு எல்லாக் கதவையும் திறந்து காட்டுங்க. லிஸ்டைப் பொருள் வாரியாக அனுப்பச் சொல்லுங்க. வீட்டைப் பார்க்காமல் போனிலேயே விலை சொல்கிறவரை விட்டுடுங்க.

சங்ககிரி_லோடு

வணக்கமுங்க. நான் லாரி புக்கிங் ஆபீசுல ரொம்ப வருசம் இருந்தவன், இப்ப பையன் பாத்துக்கறான். 15,500ங்கற லாரிய யாரும் ஏளனமா நெனைக்க வேண்டாமுங்க.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்துல இருந்து மெட்ராசுக்கு லோடு ஏத்திட்டு வர்ற வண்டி திரும்பறப்ப காலியா போகோணும். டீசல், டோல் எல்லாம் வெட்டிச் செலவு. அந்த வண்டிக்கு உங்க வீட்டுச் சாமான் கெடைச்சா டிரைவருக்கு லாபம், உங்களுக்கு வாடகை கம்மி. ரிட்டர்ன் வண்டி சமாச்சாரம் இவ்வளவுதானுங்க. பேக்கர்ஸ்காரங்க நெறையப் பேருக்குச் சொந்த வண்டி கெடையாது. அவங்களும் இதே புக்கிங் ஆபீசுலதான் வண்டி புடிக்கறாங்க.

வண்டி அளவு சொல்றேன். குட்டி யானைன்னா ஏழடிச் சொச்சம் நீளம், முக்கா டன்தான் கணக்கு. உள்ளூருல ரெண்டு நடை அடிக்க ஆகும், ஐநூறு கிலோமீட்டருக்கு வேண்டாம். டாடா 407 வண்டின்னா பத்தடி பக்கம், ஒரு பெட்ரூம் வீட்டுக்குச் சரி. நீங்க சொன்ன சாமானுக்கு 14 அடி வண்டிதான். புல்லட்டையும் பின்னாடி நிறுத்திக் கட்டிடலாம். ஆனா மூடின கண்டெய்னர் பாடியா, தொறந்த பாடிக்குத் தார்ப்பாயான்னு கேட்டுக்கோங்க. ஆகஸ்டுல சாயங்காலம் சாயங்காலம் மெட்ராசுல மழை புடிக்கும், தார்ப்பாய் ஓட்டையா இருந்தா மெத்தை போச்சு.

ஏத்தறதுக்கு லோடுமேன் நாலு பேரு இங்க, நாலு பேரு அங்க. வாடகை பேசறப்பவே ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேத்தியா, தனியான்னு பேசிருங்க. உங்க தெருவுல பகல்ல பெரிய வண்டிக்கு நுழைய அனுமதி இருக்குதான்னும் பாருங்க. அது இல்லைன்னா மெயின் ரோடு வரைக்கும் சின்ன வண்டி, அங்க மாத்தி ஏத்தறது, எல்லாம் இரட்டைச் செலவு.

கொலுப்படி

பொம்மை என்றதும் உள்ளே வந்துவிட்டேன். நாங்கள் மயிலாப்பூரிலிருந்து கோவை ராமநாதபுரத்துக்குப் போனவர்கள். தனி வண்டி பேக்கர்ஸ்தான் பிடித்தோம், ஆனால் பொம்மையை அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

பேக்கர்ஸ் ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் சுற்றுவார்கள்: பபிள் ஷீட், பிரவுன் டேப், பெட்டி. களிமண் பொம்மைக்கு, அதுவும் பழைய பெயின்ட் உள்ளதற்கு, பிளாஸ்டிக் நேராகப் படக்கூடாது. மூடிய வண்டியின் சூட்டில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பெயின்டோடு வரும். செய்தித்தாளும் வேண்டாம், மை ஏறும். துவைத்த பழைய வேட்டியைக் கிழித்து முதல் சுற்று. கை, மூக்கு, கிரீடம், வீணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பஞ்சு வைத்துவிட்டு இரண்டாவது சுற்று. அதற்கு மேல் வேண்டுமானால் பேப்பர், பபிள் எல்லாம். ட்ரங்கின் அடியில் பழைய தலையணை. பொம்மையைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, இடைவெளி முழுக்கத் துணியை அடைக்க வேண்டும். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. தசாவதாரம், கல்யாண செட் எல்லாம் செட்டாக ஒரே பெட்டியில் போகட்டும், ஒன்று தொலைந்தால் செட்டே போச்சு.

இரண்டு ட்ரங்கும் எங்களோடு காரில் வந்தன. பீரோ, ஃப்ரிட்ஜ், பாத்திரம், கண்ணாடி அலமாரி எல்லாம் அவர்கள் வேலை. நன்றாகவே செய்தார்கள். முழு பேக்கர்ஸ் என்றால் எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமா என்ன? நகை, பத்திரம், சர்டிபிகேட், லேப்டாப், சாமி படம், பொம்மை எல்லாம் உங்களோடு. மிச்சம் அவர்களோடு.

சட்டப்பிரிவு

இதுவரை பேசியது உடையாமல் கொண்டுபோவது பற்றி. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பார்த்தால் கணக்கு மாறும்.

முதலில் அந்த "இன்சூரன்ஸ் 3 சதவீதம்". ஐந்து லட்சம் மதிப்பு சொன்னால் 15,000 ரூபாய். அது நிஜமாகவே இன்சூரன்ஸ்தானா? பல கொட்டேஷனில் எஃப்.ஓ.வி. என்று ஒரு வரி இருக்கும். அது பேக்கர்ஸ் தானே வசூலித்துக்கொள்ளும் ரிஸ்க் கட்டணம். இன்சூரன்ஸ் கம்பெனியின் பாலிசி வேறு. உங்கள் பெயர், பொருள் பட்டியல், மதிப்பு, வண்டி எண் போட்ட சர்டிபிகேட் வண்டி கிளம்பும் முன் கைக்கு வந்தால்தான் அது இன்சூரன்ஸ். "ஆபீசில் இருக்கு சார், அப்புறம் அனுப்பறோம்" என்றால் பணம் கொடுக்க வேண்டாம்.

சர்டிபிகேட் வந்தாலும் இன்லேண்ட் டிரான்சிட் கிளாஸ் ஏ-யா பி-யா என்று பாருங்கள். ஏ என்றால், விலக்குகள் நீங்கலாக, கைதவறி உடைந்தது உட்பட எல்லாவித ரிஸ்க்கும். பி என்றால் தீ, மோதல், வண்டி கவிழ்தல் மாதிரிக் குறிப்பிட்ட விபத்துகள் மட்டும். வீட்டுச் சாமானில் வரும் சேதம் முக்கால்வாசி கீறல், நசுங்கல், உடைசல். வெறும் பி எடுத்துவிட்டு டிவி ஸ்க்ரீன் விரிசலுக்குக் கேட்டால் கிடைக்காது. ஏ, பி எதுவானாலும், சரியாகப் பேக் செய்யாததால் வந்த சேதம் விலக்கில்தான் இருக்கும். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பேக்கர்ஸும் கை விரிப்பார்கள். கொலுப்படி மேடம் பொம்மையைக் காரில் கொண்டுபோனது அந்த வகையிலும் சரி.

இரண்டாவது, ரசீது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007 என்று ஒன்று இருக்கிறது. 1865-ஆம் வருடச் சட்டத்தை எடுத்துவிட்டு 2011-இல் நடைமுறைக்கு வந்தது. சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரை, ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாமல். அதற்கு மேல் வேண்டுமென்றால் கூடுதல் மதிப்பை முன்கூட்டியே எழுதி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். சேதத்துக்கு வழக்குப் போடும் முன் எழுத்தில் நோட்டீஸ், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள். இதெல்லாம் எல்.ஆர். என்கிற அந்தச் சரக்கு ரசீது இருந்தால்தான் பேசவே முடியும். எல்.ஆரில் "ஓனர்ஸ் ரிஸ்க்" (சேதமானால் சாமான்காரர் பாடு) என்று சீல் குத்தியிருக்கிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். பொடி எழுத்தில் மூலையில் இருக்கும்.

சங்ககிரி ஐயா சொல்லும் ரிட்டர்ன் லாரியில் டிரைவர் போன் நம்பரைத் தவிர என்ன காகிதம் கிடைக்கும்?

சங்ககிரி_லோடு

ஐயா கேட்டது ஞாயந்தானுங்க. டிரைவர்கிட்ட நேரா பேசுனா காகிதம் ஒண்ணும் கெடைக்காது. அதனாலதான் புக்கிங் ஆபீஸ் வழியா போங்கன்னு சொல்றது. ஆபீசுல எல்.ஆர். போடுவாங்க, வண்டி ஆர்.சி., டிரைவர் லைசென்ஸ் காப்பி வாங்கி வெச்சிருப்பாங்க. வீட்டுல பொழங்குன சாமானுக்கு ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டில எடுக்கற சீட்டு) தேவையில்லைங்க, அதுக்கு விலக்கு இருக்குது. ஆனா வழியில நிறுத்திக் கேட்டா காட்ட, பழைய வீட்டுச் சாமான்னு ஒரு லிஸ்ட் எழுதி கையெழுத்துப் போட்டு டிரைவர்கிட்டக் குடுத்திருங்க. புது டிவி, புது ஃப்ரிட்ஜ் ஒறை பிரிக்காம இருந்தா அதோட பில்லையும் வெச்சிருங்க.

சட்டப்பிரிவு

அப்படியானால் எனக்கு ஆட்சேபணை பாதிதான். லாரிக்காரர் ஏற்றின பெட்டியை இறக்கித் தருவதற்குப் பொறுப்பு. பெட்டிக்குள் உடைந்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? பேக்கிங் ஒருத்தர், வண்டி ஒருத்தர், இறக்குவது இன்னொருத்தர் என்றால் மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் கைகாட்டுவார்கள். மூணாம்மாடி கொடுக்கப்போகும் கூடுதல் பணம், கைகாட்ட ஆள் இல்லாமல் ஒருத்தரையே பொறுப்பாக்குவதற்குத்தான்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. வண்டி வாடகை மட்டும் என்றால் பொதுவாக 5 சதவீதம், பேக்கிங்கும் சேர்ந்த சேவை என்றால் 18. அப்படிப் பார்த்தால் 34,000 என்பது 40,120. இன்சூரன்ஸ் அதற்கு மேல். ஒப்பிடும்போது மூன்றையும் கடைசித் தொகையில் வைத்து ஒப்பிடுங்கள்.

அடையாறு_ஆலமரம்

நடுவில் வருகிறேன். அம்மா கட்சியை யாரும் கண்டுகொள்ளவில்லையே! ஆகஸ்ட் முதல் வாரம் என்றால் நடு ஆடி.

கொலுப்படி

வழி இருக்கு சார். ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்துப் போய், கோவை வீட்டில் பால் காய்ச்சி, சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். குடி புகுந்தாச்சு என்று கணக்கு. சாமான் எப்போது வந்தால் என்ன? எங்கள் வீட்டில் மாமியாரே இந்த யோசனையைச் சொன்னார்.

பபிள்ராப்

ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு டல் சீசன். வைகாசி, ஆவணி முகூர்த்த நாளிலும், மே மாதம் பள்ளி லீவிலும் வண்டி கிடைக்காது, ஆள் கிடைக்காது, சொன்னதுதான் விலை. ஆடியில் வார நாளில், மாதக் கடைசி இல்லாமல் கேட்டால் அந்த 34,000-ஐ இறக்கிப் பேசலாம். மாதக் கடைசியும் ஒண்ணாம் தேதியும் எல்லாரும் காலி பண்ணும் நாள். அம்மாவிடம் பால் காய்ச்சுவதாகச் சொல்லுங்க, சேல்ஸ் ஆளிடம் ஆடி என்று சொல்லுங்க.

மூணாம்மாடி

அம்மா ஒத்துக்கொண்டாச்சு! ஆனால் பஞ்சாங்கம் அவங்கதான் பார்ப்பாங்களாம்.

பெருங்களத்தூர்_பிரிட்ஜ்

ஒரு எச்சரிக்கை. என் தம்பி மதுரைக்கு மாறினபோது நெட்டில் தேடி ஒரு சைட்டில் நம்பரைக் கொடுத்தான். அடுத்த அரைமணியில் போன் மேல் போன். அந்த சைட்டுகள் நம் நம்பரை எல்லா மூவர்ஸுக்கும் அனுப்பிவிடும். அதில் இருப்பதிலேயே குறைந்த விலை சொன்னவர், பெரிய கம்பெனி ஒன்றின் பெயரோடு ஓரெழுத்து வித்தியாசத்தில் பெயர் வைத்திருந்தார். யுபிஐயில் அட்வான்ஸ் வாங்கினார். சாமான் ஏறிய பிறகு, வண்டி திண்டிவனம் தாண்டியதும் போன்: "வெயிட் ஜாஸ்தி சார், இன்னும் 12,000 போட்டால்தான் வண்டி நகரும்". வீட்டுச் சாமான் மொத்தமும் அவன் கையில். என்ன செய்வது? பேசிப் பேசி ஒரு தொகைக்குப் படிந்தான்.

அதனால் ஜிஎஸ்டி நம்பரை வாங்கி அரசாங்க ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் ஆரம்பிக்கும். அதில் வரும் பெயரும் கொட்டேஷனில் இருக்கும் பெயரும் யுபிஐயில் வரும் பெயரும் ஒன்றாக இருக்கணும். முடிந்தால் ஆபீசுக்கு நேரில் போய்விடுங்கள். போர்டு மட்டும் தொங்கும் இடமா, ஆளும் பெட்டியும் இருக்கும் இடமா என்று பார்த்தாலே பாதி தெரியும்.

பபிள்ராப்

தொழிலுக்குக் கெட்ட பேர் வாங்கித் தருவதே இந்த ஆட்கள்தான். அட்வான்ஸ் பத்துச் சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீங்க. ஏற்றினதும் ஒரு பகுதி, இறக்கினதும் மீதி என்று ஒர்க் ஆர்டரில் எழுதி வாங்குங்க. "இறக்கும் முன் முழுப் பணம்" என்று எழுதியிருந்தால் பேசி மாற்றுங்க. எடை வைத்துக் காசு கேட்கும் பேச்சே வரக்கூடாது. தனி வண்டி என்றால் வண்டிக்குத்தான் விலை.

சட்டப்பிரிவு

அப்படி வழியில் மிரட்டினால் போலீஸ் 100 அல்லது 112. யுபிஐயில் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற எண் 1930. சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்குப் போன பிறகு சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. ஏற்றும் முன் ஒவ்வொரு பெரிய பொருளையும் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இறக்கும்போது சேதம் தெரிந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வரியின் கீழ் வெறுமனே போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம்.

சேலம்_ஜங்ஷன்

இவ்வளவு சட்டம் படித்துவிட்டு வீடு மாறுவதற்கு அந்த வீட்டிலேயே இருந்துவிடலாம் போல.

மூணாம்மாடி

😀 ஹவுஸ் ஓனர் விட மாட்டார்.

நேற்று உட்கார்ந்து லிஸ்ட் போட்டோம், பரண் உட்பட. சோஃபாவையும் டைனிங் டேபிளையும் இங்கேயே விற்றுவிட முடிவு. அவற்றைக் கொண்டுபோகும் செலவும் அவை இப்போது போகும் விலையும் ஏறக்குறைய ஒன்று. இப்போது பபிள்ராப் சாரிடம் சில சின்னக் கேள்விகள்: வாஷிங் மெஷின், ஏசி, பேட்டரி, கேஸ் சிலிண்டர்?

பபிள்ராப்

சிலிண்டரை எந்த வண்டியிலும் ஏற்றாதீங்க, நாங்களும் எடுக்க மாட்டோம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து டெர்மினேஷன் வவுச்சர் கொடுப்பாங்க. அதைக் காட்டிக் கோவையில் புது டெபாசிட் கட்டி வாங்கிக்கலாம். அடுப்பு உங்களுடையது, வண்டியில் வரும்.

ஃப்ரன்ட் லோடு மெஷினுக்கு டிரான்சிட் போல்ட் தேடி வைங்க. வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து கழற்றிக் கையில் கொடுத்திருப்பான், நிறைய வீட்டில் அது ஸ்க்ரூ டப்பாவில் கிடக்கும். அதைப் போடாமல் ஏற்றினால் உள்ளே டிரம் ஆடி ஆடி ஷாக் அப்சார்பர் போய்விடும். வெளியே ஒரு கீறலும் இருக்காது, அங்கே ஸ்விட்ச் போட்டால் லாரி மாதிரி உறுமும். வெளியே அடிபடாத ரிப்பேருக்கு இன்சூரன்ஸும் சாதாரணமாக வராது.

ஃப்ரிட்ஜை முதல் நாளே காலி செய்து ஐஸ் உருக விடுங்க. நிறுத்தித்தான் கொண்டுபோகணும். அங்கே போய் சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அப்புறம் ஸ்விட்ச். ஏசிக்கு எங்க ஆட்களை நம்ப வேண்டாம், தனி டெக்னீஷியனைக் கூப்பிட்டு கேஸை அவுட்டோருக்குள் லாக் செய்து கழற்றச் சொல்லுங்க. பேட்டரியில் ஆசிட் இருக்கு, சாயக்கூடாது. சில கம்பெனி எடுக்காது, முன்னாடியே கேட்டுடுங்க. புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடுங்க. பெரிய பெட்டி நிறையப் புத்தகம் போட்டு மூணு மாடி இறங்கச் சொன்னால் லோடுமேன் உங்களை வாழ்த்த மாட்டான்.

அடையாறு_ஆலமரம்

புல்லட்டை ரயிலில் போடலாமே? எழும்பூர், சென்ட்ரல் பார்சல் ஆபீசில் ஆர்.சி. காப்பி, அடையாள அட்டை காப்பி, பெட்ரோல் டேங்க் காலி, சாக்குச் சுற்றல், முடிஞ்சது.

மூணாம்மாடி

தனி வண்டி என்றால் அதிலேயே வரட்டும் சார், இன்னொரு இடத்துக்கு ஓட முடியாது.

இப்போதைய நிலவரம் இது. ஷேரிங் வேண்டாம் என்று முடிவாச்சு. 34,000 சொன்னவரிடம் பரண் லிஸ்ட் கொடுத்து, சோஃபா, டேபிளைக் கழித்து, ஆடி வார நாள் என்று சொன்னதும் 28,500-க்கு வந்தார், ஜிஎஸ்டி தனி. 14 அடி மூடிய வண்டி, எங்கள் சாமான் மட்டும், நடுவில் மாற்றி ஏற்றுவது கிடையாது என்று ஒர்க் ஆர்டரில் எழுதித் தந்துவிட்டார். இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி, எந்தக் கிளாஸ் என்று கேட்டதும் "கேட்டுச் சொல்றேன்" என்று போனவர் இன்னும் கூப்பிடவில்லை.

லாரி வழியையும் கூட்டிப் பார்த்தேன்: வாடகை 15,500, இங்கே லோடுமேன் மூன்று மாடிக்கு 4,500 கேட்கிறார்கள், அங்கே 3,000, பெட்டி, பபிள் ஷீட் 3,000 ஆகும், கார்பென்டர் தனி. 26,000-ஐத் தாண்டுகிறது, பேக்கிங் உழைப்பு எங்களுடையது.

சங்ககிரி_லோடு

அப்பறம் என்னுங்க, ஜிஎஸ்டியச் சேத்தாலும் ஏழெட்டாயிரம் வித்தியாசந்தான். மூணு மாடி எறக்கறதுக்கும் பேக்கிங்குக்கும் அது தகும். லாரிக்கே ஆள் புடிக்கறவன் நானே சொல்றேன், உங்க வீட்டுக்கு அவங்களே இருக்கட்டும். ரிட்டர்ன் லாரி லாபம் எங்கன்னா, கீழ்வீடு, சாமான் எல்லாம் மரமும் இரும்புமா இருக்கற வீடு, கட்ட ஏத்த வீட்டுலயே நாலு பசங்க இருக்கற வீடு. ஊருக்கே திரும்பிப் போறவங்க நெறைய அப்படித்தான் போவாங்க.

அங்க அபார்ட்மென்ட் அசோசியேசன்ல கேட்டீங்களா? சரவணம்பட்டிப் பக்கம் புது அபார்ட்மென்ட்டுல சில எடத்துல ஞாயித்துக்கெழமை சாமான் ஏத்த விடமாட்டாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லிஃப்ட் தரமாட்டாங்க. வண்டி ராத்திரி கெளம்புனா காலைல வந்துரும். லேட்டா கெளம்பி மத்தியானம் வந்து சேந்துச்சுன்னா ஆறு மணிக்குள்ள எறக்க முடியாது, ஹால்டிங் கேப்பாங்க.

மூணாம்மாடி

இதைக் கேட்கவே இல்லை ஐயா. இப்போதான் செகரட்டரிக்குப் போன் போட்டேன். காலை 9 முதல் மாலை 5 வரை, முன்கூட்டியே லெட்டர், சர்வீஸ் லிஃப்டில் மட்டும். அந்த லிஃப்டில் பெரிய பீரோ நுழையுமா என்று அளந்து சொல்கிறேன் என்றார்.

பபிள்ராப்

நுழையாவிட்டால் ஐந்து மாடி படிதான், அதற்குத் தனி ரேட் வரும். பீரோ அளவை இப்பவே எடுத்து அவருக்கு அனுப்புங்க. கதவைத் திறந்து வைத்து அளக்காதீங்க, மூடி வைத்து, கைப்பிடியையும் சேர்த்து. இன்சூரன்ஸ் பதில் வரும் வரை அட்வான்ஸ் போட வேண்டாம்.